டீ குடித்ததற்கு மட்டும்

டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள யாராவது வர முடியுமா என்று கேட்டேன். கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவே வந்தார். திருவொற்றியூரில், கடலுக்கும் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் பெரிய சாலைக்கும் நடுவே இருந்த பழைய சமுதாயக் கூடம் அது. முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிர்ச்சுவர் வரை நடந்து போய், அளவைப் படித்து, நோட்டில் எழுதப் போனேன். "இரு" என்றார். தன் பக்கத்து முனையின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தார். நாடா எங்கும் தொய்யாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து வந்து, என் கைக்குக் கீழே குனிந்தார். "நாப்பத்தோரு அடி. அப்பால நாலு கோடு கீது. அந்த நாலை இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டார். எழுதிக்கொள்வேன் என்றேன். "எழுது. நான் பாத்துகினு கீறேன்." நான்கு அங்குலத்தையும் எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்தார். ஒவ்வொரு சுவருக்கும் இப்படியே நடந்தது. அரை நாளில் முடிய வேண்டிய வேலைக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

அவரை அந்தப் பகுதியில் எல்லாரும் ஹால்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் சாம்பல் நிறச் சட்டை, கழுத்தில் நீல வலைக்கயிற்றில் கோத்த சாவிகள். தினக்கூலிக்கு வேலை செய்தார். கூடத்தைப் பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, யார் வீட்டு விசேஷம் எந்தத் தேதியில் என்று பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்தான். ஒரு விசேஷம் முடிந்தால் நாற்காலிகளைக் கண்ணால் எண்ண மாட்டார். ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டு எண்ணுவார். மின்சார மீட்டரைப் படிக்க வருகிறவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், இவர் எட்டிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கட்சிக்காரர்கள் கூட்டம் போட்டால் அவர்கள் கொடுக்கும் பிஸ்கட்டைக்கூடத் தொட மாட்டார். எண்கள் நன்றாகத் தெரியும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அடையாறு பக்கம் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் சேர்ந்து மூன்றாவது வருடம். பழைய கூடத்தை மாற்றியமைத்துப் பல்நோக்கு சமுதாய மையம் ஆக்கும் வேலை எங்களுக்கு வந்திருந்தது. படிப்பகம், கணினி அறை, தையல் பயிற்சி, பிள்ளைகள் விளையாட இடம், கல்யாணக் கூடம், எல்லாம் ஒரே கட்டடத்தில். எங்கள் தலைமை வடிவமைப்பாளரை அலுவலகத்தில் எல்லாரும் சார் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டு, அந்த மக்களை எனக்குத்தான் தெரியும் என்று சொல்லி வேலையை ஒப்படைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் அந்தப் பக்கம்தான், கல்மண்டபத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கல்லூரியில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களுக்காக என் பேச்சையே மாற்றிக்கொண்டவள். அந்தப் பேச்சு இப்போது எனக்கு ஒரு தகுதியாகிவிட்டது என்று நினைத்தேன்.

முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எந்த ஊர் என்று ஹால்காரம்மா கேட்டார். பெருமையோடு சொன்னேன். அப்பா பெயர், தெரு, எந்தக் கோயிலில் எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று என்பதுவரை சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அதான் உன்ன அனுப்பிகீறாங்க" என்றார். அந்த ஒரு வரி அன்று மாலை பேருந்தில் கல்மண்டபம் வந்து இறங்கும்வரை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. நம்ம ஊர்ப் பெண் என்று சொன்னால் முகம் மலரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் அதையே எனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார். பொறாமை பிடித்த மனுஷி என்று நினைத்தேன். தன் கையில் இருக்கும் நாலு சாவியும் போய்விடும் என்ற பயம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். துறைமுகத்தில் முப்பது வருடம் இருந்தவர். சங்கம், ஒப்பந்தம், வாக்குறுதி எல்லாம் பார்த்தவர்.

கூடத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை இருந்தது. அதை மட்டும் ஹால்காரம்மா அளக்க விடவில்லை. சாவி தொலைந்துவிட்டது என்றார். மறுநாள் கேட்டபோது உள்ளே பாம்பு இருக்கிறது என்றார். பழைய வரைபடத்தில் அது பொருள் வைக்கும் அறை. வெளிப்பக்கமாகச் சந்தில் சுற்றிப் போய்ப் பார்த்தேன். மற்ற இடங்களில் உப்புக்காற்றில் காரை பெயர்ந்து கம்பி தெரியும் கட்டடத்தில், அந்த அறையின் பின்கதவு மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தது. கீல்களில் எண்ணெய் பளபளத்தது. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரம். அடிக்கடி திறக்கிற கதவு. எனக்கு உடனே தோன்றியது, யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பதுதான். சமையல்காரருக்கோ, அதைவிட மோசமாக, கள்ளச் சரக்கு பதுக்குகிறவருக்கோ. என்னைச் சந்தேகப்பட்டவரைச் சந்தேகப்பட ஒரு காரணம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்கூட இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அலுவலகத்தில் சாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அறிக்கையில் ஒரு வரி எழுதி வை என்றார். எழுதினேன். 'பின் அறை பூட்டப்பட்டுள்ளது. பராமரிப்பாளர் திறக்க மறுக்கிறார். முறைகேடான பயன்பாடு இருக்கலாம்.' அந்த 'இருக்கலாம்' என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்று எழுதும்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து, தரைமட்டத்தைச் சரிபார்க்க மறுபடி போயிருந்தேன். முன்கூடத்தில் ஒரு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. எதிரே குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, நான்கு மாடி. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும், மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்தக் குடியிருப்பின் படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வீடு ஓர் அறை, ஒரு சமையல் மூலை. உடலைக் கிடத்தினால் கதவைச் சாத்த முடியாது. உடலை வைக்கும் ஐஸ் பெட்டி படியேறவே ஏறாது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் சந்தில் நின்றேன்.

ஹால்காரம்மா ஓடவில்லை. வளைகாப்பு வீட்டு ஒலிபெருக்கிக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். சத்தம் பாதியாகக் குறைந்தது. வளையல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் யாருக்கும் ஏன் என்று தெரியாது. பிறகு பின்பக்கம் வந்து, கழுத்துச் சாவியால் அந்தக் கதவைத் திறந்தார். உள்ளே பாம்பும் இல்லை, சரக்கும் இல்லை. ஆளுயர நீளத்துக்கு ஒரு சிமென்ட் மேடை. ஒரு குழாய். தண்ணீர் வழிந்து வெளியே சந்துக்குப் போக வாட்டம் வைத்த தரை. சுவரில் இரண்டு மின்விளக்கு, ஐஸ் பெட்டிக்கு ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான். நான்கு ஆண்கள் இறந்தவரைப் போர்வையில் ஏந்திப் படியிறக்கிச் சந்து வழியாகக் கொண்டுவந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் தன் புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் வளையல் குலுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் மாலைவரை நடந்தன.

எல்லாம் அடங்கிய பிறகு ஹால்காரம்மா என்னிடம் வந்தார். கூடத்தில் பிணம் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறதாம். இருபது வருடத்துக்கு முன்னால் மழையில், வாசலில் கிடத்திய ஒரு குழந்தையின் உடல்மேல் தண்ணீர் ஏறி வந்ததைப் பார்த்துவிட்டு, அப்போதிருந்த ஓர் அதிகாரி வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனதாம் இந்த ஏற்பாடு. எந்தக் காகிதத்திலும் கிடையாது. கல்யாணத்துக்குக் கூடம் கேட்டு வருகிறவர்களிடமும் யாரும் இதைப் பேசுவதில்லை. "அளந்துக்கோ. ஆனா இதுக்குன்னு பேர் போட்டு வரையாதே. காயிதத்துல ஏறிச்சுன்னா பூட்டிடுவானுங்க" என்றார். இந்த முறை டேப்பின் முனையைப் பிடித்தவர் செங்கல் வைக்கவில்லை. நான் சொன்ன அளவைச் சரிபார்க்கவும் இல்லை. அழுது களைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் எழுதிய அந்த ஒரு வரியை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொல்லி மறுநாளே சாரிடம் கேட்டேன். அறிக்கை மேலே போய்விட்டது, சின்ன விஷயம், விடு என்றார். புதிய வரைபடத்தில் தரைத்தளத்தின் பின்பக்கம் ஒரு பொருள் அறை போட்டேன். சந்தைப் பார்த்து அகலக் கதவு, குழாய், வடிகால். பொருள் அறைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கதவு என்று சார் கேட்டார். சமையல் பாத்திரம் என்றேன். கல்யாணக் கூடத்தையும் தரைத்தளத்திலேயே வைத்தேன். நல்ல வரைபடம் என்றுதான் இன்றும் சொல்வேன்.

அதை மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். படத்தை விரித்து மாட்டினேன். கண்ணாடி முகப்பு, புல்தரை, அந்தக் காற்றில் ஒரு வாரம்கூட நிற்காத மரங்கள், கையில் காபிக் கோப்பையோடு நடக்கும் மனிதர்கள். ஹால்காரம்மா படத்துக்கு மிக அருகில் போய் ஒவ்வொரு ஆளாகப் பார்த்தார். இதில் இருப்பவர்கள் யார், எங்கள் ஆட்கள் ஒருத்தர்கூட இல்லையே என்று கேட்டார். கணினியில் கிடைக்கும் பொம்மைகள் அவை என்று விளக்கினேன். அப்படியென்றால் பொம்மைக்குக்கூட எங்கள் வீட்டு ஆள் கிடைக்கவில்லையா என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது.

டீயும் சமோசாவும் கொடுத்துக்கொண்டே வருகைப் பதிவுத் தாளைச் சுற்றுக்கு விட்டேன். அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த தாள்: பெயர், முகவரி, கையெழுத்து என்று மூன்று கட்டம். மேலே நாலு விரல் அகலத்துக்கு வெற்றிடம். தாள் தன்னிடம் வந்ததும் ஹால்காரம்மா அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "மேல ஏன் காலியா கீது?" என்று கேட்டார். தலைப்பைப் பிறகு டைப் செய்வார்கள் என்றேன். "இன்னான்னு டைப் பண்ணுவாங்க?" கூட்டத்தின் பெயர்தான், வேறென்ன என்றேன். அப்படியானால் நீயே இப்போது எழுது என்றார். அலுவலகத் தாளில் கையால் எழுதக் கூடாது என்று ஒரு விதியை அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கிச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடாமல் தாளைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்து, காதில் ஏதோ சொன்னார். அது வரிசை வரிசையாகக் காதோடு காது போயிற்று. தாள் என்னிடம் திரும்பி வந்தபோது ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. ஒன்றிரண்டைப் பார்த்தேன். 'டீ குடிச்சதுக்கு மட்டும்' என்று இருந்தது. குறும்பு என்று நினைத்தேன். என்னைக் கேலி செய்கிறார்கள் என்ற எரிச்சலில் மேற்கொண்டு பார்க்காமல், ஏற்பாட்டாளர் என்று கடைசி வரியில் என் பெயரையும் கல்மண்டபத்து முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோப்புக்குள் வைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அச்சு இயந்திரத்தில் என் தாளைத் தேடும்போது வேறொரு வரைபடம் என் கையில் சிக்கியது. அதே கட்டடம், அதே முகப்பு. ஆனால் தரைத்தளம் முழுவதும் வணிகப் பயன்பாடு. தனியாருக்கு நீண்டகாலக் குத்தகை. கல்யாணக் கூடம் மூன்றாவது மாடிக்குப் போயிருந்தது. நான் போட்ட பொருள் அறை இருந்த இடத்தில் ஜெனரேட்டர். மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகள். சாரிடம் கேட்டேன். திட்டம் தன் செலவைத் தானே தாங்க வேண்டும், அதற்கு இதுதான் வழி, மேலேயே பேசி முடிவாகிவிட்டது என்றார். மக்கள் இதைப் பார்க்கவில்லையே என்றேன். அதற்குத்தான் கையெழுத்து இருக்கிறதே என்று சாதாரணமாகச் சொன்னார். வருகைத் தாளில் இருக்கும் பெயர்களை ஒரு சுத்தமான பட்டியலாக டைப் செய்து, மேலே ஒரு தலைப்பும் போடச் சொல்லித் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 'தரைத்தளப் பயன்பாட்டு மாற்றத்துக்குச் சம்மதம் தெரிவித்த பகுதி மக்கள்.'

நான் டைப் செய்யவில்லை. செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலைவலி என்று ஒரு நாள், கணினி பழுது என்று ஒரு நாள், சர்ச்சில் விசேஷம் என்று ஒரு நாள். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மூன்று நாளும் சமாளித்தேன். நான்காவது நாள் காலை அடையாறு பேருந்தில் ஏறாமல் எதிர்ப்பக்கம் நின்று திருவொற்றியூர்ப் பேருந்தில் ஏறினேன்.

ஹால்காரம்மா தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை. ரொம்ப நாளாக வர வேண்டிய ஒரு கடிதம் வந்து சேர்ந்ததுபோலக் கேட்டுக்கொண்டார். நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கெழம."

"இன்னைக்கு வியாழன். மூணு நாளு இன்னா பண்ணிகினு இருந்தே?"

அப்பாவின் கண்ணைச் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த அறையில் உடலைக் கிடத்தியபோது அவர் மூன்று நிமிடம்கூட யோசித்து நின்றதை நான் பார்க்கவில்லை. அவர் தொட்டிக்குள் குனிந்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். நான் கிளம்பும்போது, "வந்ததுக்கு சந்தோஷம், மேடம்" என்றார். அதுவரை என்னை வா, போ என்றே பேசியவர். அந்த மேடம் என்ற சொல்லுக்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்று மாலையே குடியிருப்புப் பெண்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்துவிட்டார்கள். தரைத்தளத்தை மாற்ற நாங்கள் யாரும் சம்மதம் தரவில்லை என்று மனு. சில நாள் கழித்து மண்டல அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டார். மெலிந்த, கண்ணாடி போட்ட, குரலே எழாத ஒரு மனிதர். எங்கள் நிறுவனத்திலிருந்து சாரும் இன்னொருவரும் வந்திருந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நான் பட்டியலை டைப் செய்யாமல் விட்டதால், அவசரத்தில் யாரோ அசல் தாளின் வெற்றிடத்திலேயே அந்தத் தலைப்பை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்திருந்தார்கள். கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் இருந்ததைப் படித்துப் பார்க்க எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி படித்தார். முதலில் மனதுக்குள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலைப்பை உரக்கப் படித்தார். அதற்குக் கீழே முதல் பெயரையும், பக்கத்தில் இருந்ததையும் படித்தார். டீ குடிச்சதுக்கு மட்டும். அடுத்தது: டீயும் சமோசாவும் சாப்பிட்டதுக்கு. அடுத்தது: கூட்டத்துக்கு வந்ததுக்கு, வேற எதுக்கும் இல்ல. ஒருவர் தேதியும் போட்டிருந்தார். ஓர் அம்மாள் சமோசா ஆறிப்போயிருந்தது என்றும் எழுதியிருந்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஒன்றைக்கூட விடாமல் அத்தனை வரியையும் அதே குரலில் படித்துக்கொண்டே போனார். சார் தன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார். என் பெயர். கல்மண்டபத்து முகவரி. கையெழுத்து. பக்கத்தில் ஒன்றும் இல்லை. "இவங்க ஒருத்தர்தான் சம்மதம் குடுத்திருக்காங்க" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஹால்காரம்மா மட்டும் திரும்பவில்லை. நான் எழுந்து நின்று, அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடும்போது மேலே எழுத்து எதுவும் இல்லை என்று சொன்னேன். காட்டிய வரைபடம் வேறு, கோப்பில் இருப்பது வேறு என்றும் சொன்னேன். சொல்லும்போதே என் வேலை போய்விட்டது என்று தெரிந்துவிட்டது. நான் பயந்ததுபோல அதில் தலை சுற்றவில்லை. சொல்லி முடித்து உட்கார்ந்தேன்.

அந்த மாற்றத்தைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வேறொரு நிறுவனம் வந்து, மக்களிடம் காட்டிய பழைய வரைபடத்தையே கொஞ்சம் சுருக்கிக் கட்டியது என்று கேள்விப்பட்டேன். கூடம் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. மேலே படிப்பகம், கணினி அறை. போன வருடம் போய்ப் பார்த்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கண்ணாடி முகப்பில் உப்பு படிந்து மங்கியிருக்கிறது. பின்பக்கச் சந்தில் அகலக் கதவு இருக்கிறது. பொருள் அறை என்று எழுதியிருக்கிறது. அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் உள்ளே என்ன என்று கேட்டேன். பாம்பு என்றாள்.

ஆனால் ஹால்காரம்மா அங்கே இல்லை. புதிய கட்டடத்தின் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டபோது பழைய தினக்கூலிகளை எடுத்துக்கொள்ளவில்லை. வயது காரணம் என்றார்களாம். முன்பு ஏதோ புகார் இருக்கிறது என்றும் ஒருவர் சொன்னாராம். அந்தப் புகார் நான் எழுதிய வரியா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விசாரித்துப் பார்த்திருக்கலாம். விசாரிக்கவில்லை. அவர் எர்ணாவூரில், மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். என் வேலை போய், அப்பாவுக்கு ஒரு கண் மட்டும் சரியாகி, கல்மண்டபத்திலேயே சின்னதாகச் சொந்தமாக வரைபட வேலை தொடங்கியிருந்தேன். இரண்டு முறை எர்ணாவூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். இரண்டு முறையும் நாற்காலி போட்டு, கடையிலிருந்து சோடா வாங்கி வரச் சொல்லி, மேடம் மேடம் என்று பேசி அனுப்பினார். அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போய், இரண்டு முறையும் சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம் அவருடைய மகள் எனக்கு போன் செய்தாள். வீட்டை அவர்கள் பெயருக்கு மாற்றித் தருவதாக ஒரு காகிதம் வந்திருக்கிறது, ஐந்து பக்கம், எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள், அம்மா மட்டும் போட விட மாட்டேன் என்கிறாள், உங்களை வரச் சொன்னாள் என்றாள். அன்று மதியமே போனேன். ஹால்காரம்மா மெலிந்திருந்தார், ஒரு பக்கம் காது கேட்கவில்லை. நல்ல காதுப் பக்கம் என்னை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் விடாமல் படிக்கச் சொன்னார். அரசாங்கத் தமிழில் ஐந்து பக்கம். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அந்த வரியை மறுபடி கேட்டார். நான்காவது பக்கத்தில் நிலுவைக் கட்டணம் பற்றி ஒரு வாசகம் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினார். படித்து முடித்ததும் காகிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். போடலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்கவில்லை. அப்போதுதான் அன்று அறிக்கையில் நான் எழுதிய வரியைப் பற்றிச் சொன்னேன். நல்ல காதில் சொன்னேன். கேட்டுவிட்டு, சோடா குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரே மகளின் போனிலிருந்து கூப்பிட்டார். குரல் பழையபடி கணீரென்று இருந்தது.

"எதிர் வூட்ல ஒரு டீச்சரம்மா கீது. அந்தம்மாவயும் ஒருவாட்டி படிக்கச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாலாம் பக்கத்துல அதுக்கும் புரியலயாம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் படிச்சீங்க." பின்னால் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது. "ஆபீஸ்ல போய் அத்த கேக்கணும். நாளைக்கு வர்றியா நீ?"

வருகிறேன் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பத்து என்றேன். ஒன்பதரைக்கே வந்துவிடு, ஆபீஸ்காரர்கள் பத்து மணி என்றால் பதினொன்றுக்குத்தான் வருவார்கள், ஆனால் நாம் அதை நம்பித் தாமதமாகப் போகக் கூடாது என்றார்.